பணியிடையே பயின்ற பேரறிஞர் டாக்டர் எஸ். ஆர். ரங்கநாதன்

கல்வி இளமையில் மட்டுமே கைகூடும் என்னும் எண்ணம் நம் மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இருபது வயதுக்குள் பட்டம் பெற இயலாதவர், வேலைக்குச் சென்று குடும்பப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பின்னர், படிப்பைப் பிறருக்கு உரியதாகக் கருதி ஒதுங்கிவிடுகிறார். இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள நம் தொழிற்பகுதியில் இவ்வாறு ஒதுங்கியவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பர். அவர்களுள் பலர் இன்று துறைமுகத்திலும், சரக்குப் பெட்டக நிலையங்களிலும், ஆலை அலுவலகங்களிலும் கணினியின் முன் அமர்ந்து பணி புரிகின்றனர். கணினியில் விவரங்களைப் பதிவு செய்யவும் தேடி எடுக்கவும் அவர்கள் அறிவர். ஆனால் அவ்விவரங்கள் எந்த நெறிப்படி அடுக்கப்படுகின்றன என்பதைக் கூறும் தரவுத்தளக் கோட்பாட்டைக் கற்க வேண்டும் என்றால் தயங்குகின்றனர். நாற்பது வயதில் கோட்பாடு எதற்கு, அது கல்லூரி மாணவர்களுக்கு உரியதன்றோ என்பது அவர்களின் கேள்வி.

இக்கேள்விக்கு விடையாக அமைந்த வாழ்க்கை ஒன்றினை நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் எழுதுவது பொருத்தமென எண்ணினேன். அது நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் டாக்டர் எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களின் வாழ்க்கையாகும். கணினி நம் நாட்டிற்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அறிவை எவ்வாறு பகுத்து அடுக்கினால் வேண்டுவோர் வேண்டியதை வேண்டிய பொழுதில் பெற முடியும் என்று ஆராய்ந்து, உலகம் ஏற்கும் கோட்பாட்டை வகுத்தவர் அவர். அந்தத் துறையை அவர் கல்லூரி மாணவராக இருந்து கற்கவில்லை. ஏழாண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றிய பின்னரே அதன் அரிச்சுவடியைத் தொட்டார்.

பிறப்பும் கல்வியும்

ரங்கநாதன் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அந்நாளைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். தந்தையார் இராமாமிருத ஐயர் சிறு நிலவுடைமையாளர். ரங்கநாதனுக்கு ஆறு வயதாகும்போதே அவர் காலமானார். இளமையில் ரங்கநாதனுக்குத் திக்குவாய் இருந்தது. எனினும் படிப்பில் அவர் பின்தங்கவில்லை. சீர்காழியில் பள்ளிக் கல்வியை முடித்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அக்கல்லூரி 1937-இல் தாம்பரத்திற்கு இடம் பெயர்வதற்கு முன்னர், உயர்நீதிமன்றத்திற்கு எதிரே, துறைமுகத்திற்கு மிக அண்மையில் எஸ்பிளனேடில் அமைந்திருந்தது என்பதை நம் பகுதி இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. நம் முன்னோர்கள் கப்பல்களிலிருந்து மூட்டைகளைச் சுமந்து இறக்கிய அதே காலத்தில், சிறிது தொலைவிலிருந்த வகுப்பறையில் அவர் கணிதம் பயின்றார். 1913-இல் பி.ஏ. பட்டமும், 1916-இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று, 1917 முதல் மங்களூர், கோயமுத்தூர் அரசுக் கல்லூரிகளிலும், இறுதியாகச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் கூற வேண்டும். தந்தையை இழந்ததும் திக்குவாயும் அவர் கடந்த தடைகளே. ஆயினும் பள்ளிக்கூடத்தின் வாயில் அவருக்கு மூடப்படவில்லை. குளத்து நீரை அள்ளவும் தெருவில் நடக்கவும் எவரும் அவரைத் தடுக்கவில்லை. அதே தஞ்சை மாவட்டத்தில் அதே ஆண்டில் சேரியில் பிறந்த குழந்தைக்கு இவை யாவும் மறுக்கப்பட்டிருந்தன. எனவே இருவரின் தொடக்கமும் ஒன்றென நாம் கொள்ளலாகாது. அவ்வாறிருந்தும் அவர் வாழ்வை நாம் கற்பதற்குக் காரணம், பிற்காலத்தில் அவர் வகுத்த கோட்பாடு எந்தக் குலத்தையும் வாயிலில் நிறுத்தி வினவாத ஒன்றாக அமைந்தமையே.

விருப்பமின்றி ஏற்ற பணி

1924-ஆம் ஆண்டு தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகராக அவரை நியமித்தது. நூலகப் பணிக்கென எந்தப் பயிற்சியும் அவர் பெற்றிருக்கவில்லை. நேர்முகத் தேர்வுக்கு முன்னர்க் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்தது ஒன்றே அத்துறையில் அவர் பெற்றிருந்த அறிவு என்பர். ஆசிரியப் பணியை விட ஊதியம் கூடுதலாக இருந்தமையால் அப்பதவியை ஏற்றார். ஏற்ற சில நாட்களுக்குள்ளேயே வருந்தத் தொடங்கினார். மாணவர்களின் ஆரவாரம் நிறைந்த வகுப்பறைக்குப் பழகியவருக்கு, வாசகர் வாராத நூலகத்தின் தனிமை தாங்கொணாததாயிற்று. மீண்டும் மாநிலக் கல்லூரியிலேயே சேர்த்துக்கொள்ளுமாறு அதன் முதல்வரிடம் சென்று வேண்டினார். நூலகப் பயிற்சிக்காக அவர் இங்கிலாந்து செல்ல ஏற்பாடு ஆகியிருந்தது. சென்று திரும்பிய பின்னரும் மனம் மாறவில்லையெனில் கணித ஆசிரியர் பதவியை மீண்டும் தருவதாக முதல்வர் வாக்களித்தார்.

ரங்கநாதன் நூலகப் பொறுப்பேற்ற அதே 1924-ஆம் ஆண்டில், நம் தலைவர் இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலைகளும் கிணறுகளும் அலுவலகங்களும் எல்லோருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொதுத் தெருவில் நடப்பதற்கே சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்ட காலத்தில்தான் ரங்கநாதனின் நூலகப் பணி தொடங்கிற்று என்பதை நினைவில் நிறுத்துவோமாக.

இலண்டனில் மாணவர்

முப்பத்திரண்டாம் வயதில் ரங்கநாதன் மீண்டும் மாணவரானார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் சேர்ந்து, கிராய்டன் நகர நூலகராகவும் வகைப்பாட்டு ஆசிரியராகவும் விளங்கிய பெர்விக் சேயர்ஸ் என்பாரிடம் பாடம் கேட்டார். வகுப்பறைப் பாடத்தோடு அவர் நிறைவடையவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் சென்று கண்டார். அங்கே தொழிலாளரும் குழந்தைகளும் இல்லத்தரசிகளும் தடையின்றி நுழைந்து நூல்களை எடுத்துச் செல்வதைக் கண்டபோது, தாம் விருப்பமின்றி ஏற்ற பணி எத்துணைப் பெரியது என்பது அவருக்கு விளங்கிற்று. கணித ஆசிரியர் பதவியை அவர் மீண்டும் நாடவில்லை.

அண்ணல் அம்பேத்கர் அவர்களும் இதே இலண்டனில், பணியிடையே படிப்பைத் தொடர்ந்தவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917-இல் படிப்பை இடையில் நிறுத்தி நாடு திரும்பிய அண்ணல், பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார்; 1923-இல் அறிவியல் முதுமுனைவர் பட்டம் பெற்றார். அண்ணல் தாயகம் திரும்பிய மறு ஆண்டில் ரங்கநாதன் அந்நகரை அடைந்தார். ஒருவருக்குப் படிப்பைத் தொடரவே போராட்டம். மற்றவருக்குப் பல்கலைக்கழகமே அனுப்பி வைத்த பயணம். வழி வேறாயினும், பணி செய்த பின்னர்ப் படிப்பவர் தெளிவான நோக்கத்தோடு படிக்கிறார் என்பதை இருவர் வாழ்வும் காட்டுகின்றன.

விளையாட்டுப் பொருள் தந்த விளக்கம்

அக்காலத்தில் உலக நூலகங்களில் பெரிதும் வழங்கிய முறை, அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறையாகும். அறிவுத் துறைகளைப் பத்தாகவும், அவற்றை மீண்டும் பத்துப் பத்தாகவும் பிரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண்ணை அது ஒதுக்கி வைத்தது. முன்னரே கட்டப்பட்ட அறைகள் கொண்ட மாடத்தை ஒத்தது அம்முறை. அறையில்லாத புதிய பொருள் வந்தால் அதனை எங்கேனும் ஓரிடத்தில் திணிக்க வேண்டியிருந்தது. கணிதம் பயின்ற ரங்கநாதனுக்கு இது நிறைவளிக்கவில்லை.

இந்நிலையில் ஒரு நாள் இலண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். துளையிட்ட தகடுகள், கம்பிகள், சக்கரங்கள், திருகாணிகள் ஆகிய சில துண்டுகளே அதில் இருந்தன. அவற்றை வெவ்வேறு விதமாகப் பூட்டிப் பலவகைப் பொம்மைகள் செய்யலாம். அறிவையும் இவ்வாறே சில அடிப்படைக் கூறுகளாகப் பிரித்து, தேவைக்கேற்ப இணைத்துக்கொண்டால் என்ன என்னும் எண்ணம் அவருள் எழுந்தது. கூறுகளை இணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளி என்னும் குறியை அவர் பயன்படுத்தினார். அதனால் அம்முறை கோலன் பகுப்பு முறை எனப் பெயர் பெற்று, 1933-இல் நூலாக வெளிவந்தது.

எடுத்துக்காட்டு ஒன்றால் இதனை விளக்கலாம். சென்னையில் 1950-களில் நுரையீரல் காசநோய்க்குச் செய்யப்பட்ட மருத்துவம் பற்றி ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். இதனுள் உறுப்பு ஒன்று, நோய் ஒன்று, செயல் ஒன்று, இடம் ஒன்று, காலம் ஒன்று எனப் பல கூறுகள் அடங்கியுள்ளன. பழைய முறை இவை அனைத்தையும் சேர்த்து ஒரே அறை தேடும். ரங்கநாதனின் முறை ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு குறி தந்து, அவற்றை வரிசையாக இணைக்கும். நாளை மதுரையில் 1960-களில் நடந்த மருத்துவம் பற்றி நூல் வந்தால், இடத்தின் குறியையும் காலத்தின் குறியையும் மாற்றினாற் போதும். புதிய அறை கட்ட வேண்டியதில்லை. இக்கூறுகள் அனைத்தையும் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து அடிப்படை வகைகளுள் அவர் பின்னர் அடக்கினார்.

இன்று கைப்பேசியில் பொருள் வாங்குவோர், விலை இவ்வளவு, அளவு இவ்வளவு, நிறம் இது எனத் தனித்தனியே குறித்துத் தேடுகின்றனர். பொருளைப் பல கூறுகளின் வழியே தேடும் இம்முறைக்கு அறிவியல் அடிப்படை வகுத்தவர்களுள் முதன்மையானவர் சீர்காழியில் பிறந்த இவ்வாசிரியரே.

நூல்களை மக்களுக்குத் திறந்தவர்

1925-இல் சென்னை திரும்பிய ரங்கநாதன், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பல்கலைக்கழக நூலகத்தில் உழைத்தார். விடுமுறையின்றி, நாள்தோறும் பதின்மூன்று மணி நேரம் பணி புரிந்தார் என்பர். திருமண நாளன்றும் பிற்பகலில் நூலகத்திற்குத் திரும்பிவிட்டாராம். வாசகர்கள் தாமே அடுக்குகளிடையே சென்று நூல்களைத் தேர்ந்தெடுக்க வழி செய்தார். நூலக நேரத்தை நீட்டினார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முதன்மைக் காரணமாக இருந்தார். 1929-இல் நூலகர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். தாம் முப்பதைக் கடந்து கற்றதைப் பிறருக்கும் கற்பிக்க அவர் காலம் தாழ்த்தவில்லை.

1931-இல் வெளியான நூலில், நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் வகுத்தார். பூட்டி வைப்பதற்கன்றிப் பயன்படுத்துவதற்கே நூல்கள் உள்ளன என்பது முதல் விதியின் கருத்து. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு வேண்டிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலும் அதற்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும் என்பது மூன்றாவது. வாசகரின் நேரத்தைக் காப்பதும், நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பதும் ஏனைய இரண்டு. கேட்பதற்கு எளியனவாகத் தோன்றும் இவ்விதிகளுள் இரண்டாவதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் என்று கூறும்போது, அதில் ஆண்டையும் அடங்குவான், அடிமைப்படுத்தப்பட்டவனும் அடங்குவான். எழுத்தே எங்களுக்கு உரியதன்று என்று நம் பாட்டன் பாட்டிமாருக்குச் சொல்லப்பட்ட நாட்டில், அவ்விதி மிகப் பெரிய சொல்லாகும். அதே 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டு செல்லும் நடமாடும் நூலகமும் தொடங்கப்பட்டது.

விதி ஏட்டில் இருந்தாற் போதாது, சட்டமாக வேண்டும் என்பதை ரங்கநாதன் உணர்ந்திருந்தார். அவர் பல ஆண்டுகள் முயன்றதன் பயனாக, அவினாசிலிங்கம் அவர்கள் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதற் சட்டம். சொத்து வரியோடு நூலக வரி தண்டி, அதைக் கொண்டு பொது நூலகங்களை நடத்த அச்சட்டம் வழி வகுத்தது. நம் தெருவிலுள்ள கிளை நூலகத்திற்குள் நாம் எவரிடமும் அனுமதி கேளாமல் நுழைவது எவருடைய கருணையாலும் அன்று. சட்டம் தந்த உரிமையால் என்பதை இளைஞர்கள் உணர வேண்டும்.

1945-இல் சென்னையை விட்டு நீங்கிய அவர், காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1957-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தம் வாழ்நாள் சேமிப்பான ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கி, துணைவியார் சாரதா பெயரால் நூலகவியல் பேராசிரியர் பதவி அமைய உதவினார். ஓய்வெடுக்க வேண்டிய எழுபதாம் வயதில், 1962-இல், பெங்களூரில் ஆவணமாக்கல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியரானார். 1972 செப்டம்பர் 27-ஆம் நாள் பெங்களூரில் இயற்கை எய்தினார்.

தரவுத்தளக் கோட்பாட்டின் தந்தையும் பணியிடை மாணவரே

ரங்கநாதன் நூல்களுக்குச் செய்ததைப் போன்றதொரு தொண்டைக் கணினித் தரவுகளுக்குச் செய்தவர் எட்கார் காட் என்னும் ஆங்கிலேயர். ஒருவரை மற்றவர் பின்பற்றினார் என்று கூறுவதற்கில்லை. எனினும் இருவர் வாழ்வும் ஒத்துச் செல்வதைக் காணலாம். 1923-இல் பிறந்த காட், இரண்டாம் உலகப் போரில் வானூர்தி ஓட்டியாக இருந்தார். ஆக்சுபோர்டில் கணிதம் பயின்று, பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். பல்லாண்டுகள் வேலை பார்த்த பின், நாற்பது வயதைக் கடந்து, 1965-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1970-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் உறவுநிலைத் தரவுத்தளக் கோட்பாட்டை உலகுக்கு அளித்தார். 1981-இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2003-இல் அவர் மறைந்தார்.

அவருடைய கோட்பாட்டின் சாரத்தை நம் தொழிலாளி எவரும் உணர முடியும். ஓர் ஆலையில் தொழிலாளியின் முகவரி சம்பளப் பதிவேட்டிலும், வருங்கால வைப்பு நிதிப் பதிவேட்டிலும், மருத்துவப் பதிவேட்டிலும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கிறது. அவர் தண்டையார்பேட்டையிலிருந்து எர்ணாவூருக்குக் குடி பெயர்கிறார். ஒரு பதிவேட்டில் மட்டும் முகவரி திருத்தப்படுகிறது. பிறகு அனுப்பும் கடிதம் பழைய வீட்டுக்குச் சென்று, பணம் கிடைக்காமல் அவர் அலைகிறார். இத்துன்பத்தை நீக்கும் வழியைக் காட்டின் கோட்பாடு கூறுகிறது. விவரங்களை அட்டவணைகளாக அமைத்து, ஒரு செய்தியை ஒரே இடத்தில் மட்டும் எழுத வேண்டும். மற்ற அட்டவணைகளில் தொழிலாளியின் அடையாள எண்ணை மட்டும் குறித்து, அவ்வெண்ணின் வழியே உறவுபடுத்த வேண்டும். முகவரியை ஓரிடத்தில் திருத்தினால் எங்கும் திருத்தமாகும்.

இதனைப் பதினெட்டு வயது மாணவர் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார். பதிவேடுகள் முரண்பட்டமையால் அலைந்து களைத்தவரோ, இக்கோட்பாடு எதற்காகப் பிறந்தது என்பதைப் படிக்கும்போதே கண்டுகொள்கிறார். வேலையில் கழிந்த ஆண்டுகள் வீணானவை அல்ல. கோட்பாட்டைத் தாங்கும் அடித்தளம் அவையே. வாசகரில்லா நூலகத்தில் தவித்த நாட்கள் இல்லையெனில், இலண்டனில் ரங்கநாதன் கண்ட காட்சிகள் அவருக்குப் பாடமாகியிரா.

நம் கடமை

நம் பகுதியின் தொழில் நிலை பெரிதும் மாறிவிட்டது. பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலை 1996-இல் மூடப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தோள்களின் வேலையைச் சரக்குப் பெட்டகங்கள் எடுத்துக்கொண்டன. ஒவ்வொரு பெட்டகமும் ஓர் எண்ணாகக் கணினிக்குள் வாழ்கிறது. உடலுழைப்பை மட்டும் நம்பிய தலைமுறைக்குக் கிடைத்த வேலை, இனி வரும் தலைமுறைக்குக் கிடைக்காது. கணினியின் முன் அமர்பவருள்ளும், விவரத்தைப் பதிவு செய்பவராகவே நின்றுவிடுபவருக்கும், அவ்விவரம் அடுக்கப்படும் முறையை அறிந்தவருக்கும் பதவியிலும் ஊதியத்திலும் பெரும் வேறுபாடு உண்டு. மேற்படியில் ஏறுவதற்குக் கோட்பாட்டு அறிவே ஏணி. கீழ்ப்படியிலேயே நம் மக்கள் நின்றுவிட்டால், பழைய ஏற்றத்தாழ்வு புதிய உடையில் தொடரும்.

கற்பதற்கு வழிகளும் இன்று பலவுண்டு. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. பணியில் இருந்துகொண்டே அவற்றில் பட்டம் பெறலாம். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பில் தரவுத்தளமும் ஒரு பாடம். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் தரவுத்தள விரிவுரைகளை இணையத்தில் கட்டணமின்றிக் கேட்கலாம். ஆங்கிலம் அஞ்சத்தக்கது என எண்ணுவோர், அகராதியை அருகில் வைத்துக்கொண்டு நாளுக்கு இரண்டு பக்கம் படித்தால், ஓராண்டில் ஒரு நூலை முடித்துவிடலாம். இரவுப் பணி முடிந்து வருபவருக்கு வீட்டில் படிக்க இடமில்லையெனில், கிளை நூலகம் இருக்கிறது.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் சங்கம் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாகப் பள்ளி மாணவர்களுக்கே பெரிதும் துணை நின்றது. இனி வேலைக்குச் சென்ற அண்ணன்மாரையும் அக்காமாரையும் நம் மாணவர்களாகக் கருதுவோம். ஞாயிறுதோறும் பத்துப் பேர் கூடி ஒரு பாடத்தைப் படித்துக் கலந்துரையாட ஓர் அறையும் ஒரு கணினியும் போதும். படித்தவர் படியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பது நம் சங்கத்திற்குப் புதிதன்று.

இளைஞர்களே, உங்கள் வீட்டில் முப்பதையோ நாற்பதையோ கடந்த ஒருவர் புத்தகத்தைக் கையில் எடுத்தால், இனி என்ன படிப்பு என்று நகையாடாதீர்கள். முப்பத்திரண்டில் மாணவரான ஒருவரால் உலக நூலகங்களின் நெறி மாறிற்று. நாற்பதைக் கடந்து ஆய்வுப் பட்டம் பெற்ற ஒருவரால் கணினிகளின் நெறி மாறிற்று. நம் குடியிருப்புகளிலும் அத்தகையோர் உள்ளனர். அவர்களுக்குரிய நூலை அவர்கள் கையில் சேர்ப்பதே ரங்கநாதனாரின் இரண்டாம் விதிக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.